அறுபத்தெட்டு ஓட்டமும் ஒரு மரக்கட்டையும்

"காசு கொடுத்து யாராவது தேளை வீட்டுக்குக் கூட்டிட்டு வருவாங்களா?"

ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்று அம்மா கேட்ட கேள்வி இது. தட்டில் கற்பூரம் எரிகிறது, பக்கத்தில் நாலு எலுமிச்சம்பழம். நான் வாங்கி வந்த பழைய காரின் மூக்கில் இருந்த அபார்த் கம்பெனியின் தேள் சின்னத்தைப் பார்த்ததும் சுற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

நான் சமாளித்தேன். 1949-ல் இத்தாலியில் இந்தக் கம்பெனியை ஆரம்பித்த கார்லோ அபார்த்துக்கு விருச்சிக ராசி, அதனால் தன் ராசியையே சின்னமாக வைத்துக்கொண்டார் என்றேன். அப்பாவுக்கும் விருச்சிகம்தான். அம்மாவின் முகம் தெளிந்து, எலுமிச்சம்பழங்கள் சக்கரத்தடிக்குப் போயின. அந்த ஊரில் ராசி பார்ப்பது சூரியனை வைத்து, நாம் பார்ப்பது சந்திரனை வைத்து என்பதை நான் சொல்லவில்லை.

சொல்லாத இன்னொன்றும் இருந்தது. அந்த வண்டி அதற்குள் 68 தடவை டிராக் ரேஸ், அதாவது நேர் ரோட்டு வேகப் பந்தயம், ஓடியிருந்தது. தெரிந்துதான் வாங்கினேன். "உனக்கென்ன பைத்தியமா" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒரே தடவையாக இங்கே எழுதி வைக்கிறேன்.

குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு பார்க்கிறேன். சுமார் நாலரை கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் வர வேண்டும். வராவிட்டால் மீதி எங்கே போனது என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்பா முப்பது வருஷம் இதே மலையிலிருந்து தேயிலை லாரி ஓட்டியவர். பள்ளிக்கூட லீவில் நானும் கூடப் போவேன். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றையும் எனக்கு அவருடைய லாரியின் முனகல் சத்தத்தை வைத்துத்தான் முதலில் தெரியும்.

பதினொரு வருஷம் ஒரு மாருதி 800 வைத்திருந்தேன். தங்கமான வண்டி. ஆனால் குன்னூர் இருப்பது சுமார் 1,850 மீட்டர் உயரத்தில். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாதாரண இன்ஜின் இருக்கிற காற்றைத்தானே இழுக்க முடியும்? அதன் பலமும் அதே அளவுக்குக் குறைந்துவிடும். டர்போ வைத்த இன்ஜின் அப்படியில்லை. புகைபோக்கியில் வெளியேறும் வாயுவால் ஒரு விசிறியைச் சுழற்றிக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். மேலே போகப் போக விசிறி கொஞ்சம் கூடுதலாகச் சுழன்று குறையை ஈடுகட்டிக்கொள்ளும். மலைக்காரர்களுக்கு டர்போ ஆடம்பரம் இல்லை என்று வீட்டில் வாதாடினேன். பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு நாற்பத்தி மூன்று வயதாகிறது, ஒரு தடவையாவது வேகமான வண்டி ஒன்று என் பெயரில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நான் ஆசைப்பட்டது ஃபியட்டின் அபார்த் புன்டோ, இந்தியாவில் 2015-ல் வந்தது. 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல், 145 குதிரைத்திறன், 212 நியூட்டன் மீட்டர் இழுவை, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். புதிதாக வந்தபோது கிட்டத்தட்ட பத்து லட்சம். இது ஸ்போர்ட்ஸ் காரே இல்லை, ஐந்து கதவு வைத்த குடும்ப வண்டி என்று சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சரி, இருக்கட்டும். கணக்குப் பிள்ளை சம்பளத்துக்குக் கிடைக்கிற ஸ்போர்ட்ஸ் கார் இதுதான். ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டதால், பழசு வாங்குவதைத் தவிர வேறு வழியும் கிடையாது.

ஆறு மாதம் தேடினேன். பழைய வண்டிச் சந்தையில் எல்லா வண்டியையும் ஒரு லேடி டாக்டர் ஓட்டியிருப்பார். வாரம் ஒருமுறை கோயிலுக்கு மட்டும் எடுத்துப் போயிருப்பார். திருப்பூரில் ஒரு புரோக்கர் காட்டிய வண்டியும் அப்படித்தான், "டாக்டரம்மா வண்டிங்க". சாய்ந்த வெயிலில் கதவைப் பார்த்தேன். ஒரு வட்டம் மட்டும் சுற்றியிருந்த பெயின்ட்டைவிடப் பளிச்சென்று இருந்தது. ரேஸ் நம்பர் ஸ்டிக்கர் வெகுநாள் ஒட்டியிருந்த இடம் வெயில் படாமல் நிறம் மாறாதிருக்கும், அதுதான். பின் சீட்டின் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட காயம். எடை குறைக்க சீட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். டயரின் பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருஷமும் நாலு இலக்கத்தில் இருக்கும். பின் டயர் இரண்டும் வண்டியோடு வந்தவை, முன் டயர் இரண்டும் நாலு மாதம் முந்தியவை. முன் சக்கரம் இழுக்கிற வண்டியில் முன் டயரை மட்டும் இப்படித் தின்ன வேண்டுமென்றால் டாக்டரம்மா ஆஸ்பத்திரியிலிருந்து எப்படிக் கிளம்பியிருப்பார் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டேன்.

அக்கா மகன் கொடுத்த ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று எப்போதும் கைப்பையில் இருந்தது. வண்டியின் கம்ப்யூட்டரில் செருகினால் பிழை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று போனில் காட்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிழையே இல்லை என்று காட்டினால் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். முடியாமல் கிடந்தால், யாரோ சமீபத்தில் பிழைகளை அழித்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். நான் பார்த்த ஐந்து வண்டியில் மூன்று அப்படித்தான் இருந்தன.

கடைசியில் கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் ஒரு தம்பியின் வண்டி. போனில் பேசிய முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிட்டான்.

"அக்கா, இது டிராக் ரேஸ் ஓட்டுன வண்டிங்க. அது ஓகேன்னா மட்டும் வாங்க. இல்லீன்னா பஸ் காசு வேஸ்ட்டுங்க்கா."

"நீயே இப்படிச் சொன்னா விலை எறங்கிராதா தம்பி?"

"எறங்கும்ங்க்கா. சொல்லாம வித்தா நீங்க ராத்திரி பன்னெண்டு மணிக்குப் போன் பண்ணித் திட்டுவீங்க. கல்யாணமாயிருச்சுங்க, இனித் தூங்கணுமில்லீங்களா?"

அவனைப் பார்க்க நானும் அப்பாவும் மலை இறங்கினோம். காலை ஏழு மணிக்கு வருகிறோம், அதுவரை வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்பது அப்பாவின் நிபந்தனை. போனதும் அவர் வண்டியைப் பார்க்கவில்லை. நேராக பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். ஜில்லென்று இருந்தது. அதற்குப் பிறகுதான் அவனுக்கு வணக்கமே சொன்னார். என்னை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. இரண்டும் இல்லை. ஆயில் மூடியைக் கழற்றி அடியில் பால் ஆடை மாதிரி ஏதும் இருக்கிறதா என்று விரலால் வழித்துப் பார்த்தார். அதுவும் இல்லை.

அந்த நேரத்தில்தான் தம்பி உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நாற்பது பக்க நோட்டு, ஓரமெல்லாம் கிரீஸ் கறை.

இங்கே டிராக் ரேஸ் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நேர் ரோட்டில் கால் மைல் தூரம், அதாவது 402 மீட்டர். விளக்கு பச்சையானதும் கிளம்பி அந்தப் பக்கக் கோட்டைத் தொட வேண்டும். அவ்வளவுதான், வளைவே கிடையாது. இதை விமான ஓடுதளம் மாதிரி இடத்தில் ஒழுங்காக நடத்துவார்கள். சென்னைப் பக்கம் சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளத்தில்தான் நம் ஊர்க் கார் பந்தயமே வெகுகாலம் நடந்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தனிப் பந்தய மைதானம் வந்த பிறகுதான் அது ஓய்ந்தது. வண்டி அசைந்த நொடியிலிருந்து எத்தனை வினாடியில் 402 மீட்டரைத் தாண்டியது என்பது முக்கியமான எண். முதல் 60 அடிக்கு எத்தனை வினாடி என்பதும் துண்டுச் சீட்டில் அச்சாகி வரும். கிளம்பின விதத்தை அந்த இரண்டாவது எண்தான் காட்டிக் கொடுக்கும்.

வண்டி கெடுவதும் அந்த 60 அடியில்தான். இன்ஜினை நன்றாக முடுக்கி வைத்துக்கொண்டு கிளட்ச்சைச் சட்டென்று விடுகிறார்கள். நிற்கிற வண்டியின் மொத்த எடையும் ஒரு நொடியில் கிளட்ச் பிளேட் மேல் விழும். பிளேட் கருகும், அது உரசுகிற ஃப்ளைவீல் சக்கரத்தில் சூட்டுக்கறை நீலமாகப் படியும். முன் சக்கரம் இழுக்கிற வண்டி கிளம்பும்போது எடை பின்னால் சாயும், முன் டயர் பிடி இழந்து துள்ளும். அந்தத் துள்ளலில் ஆக்சில் ஜாயின்ட், இன்ஜின் மவுன்டிங், கியர்பாக்ஸ் எல்லாம் அடி வாங்கும். அவசரமாக ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளித் தள்ளி இரண்டாவது கியர் கரகரக்க ஆரம்பிக்கும். இன்ஜினின் கம்ப்யூட்டரில் புரோகிராமை மாற்றி டர்போ அழுத்தத்தைக் கூட்டியிருந்தால் பிஸ்டனுக்கும் ஆபத்து.

நோட்டுக்கு வருகிறேன். தேதி, ஓட்ட எண், 60 அடி நேரம், மொத்த நேரம், கடைசியில் குறிப்பு என்று ஐந்து பத்தி. முதல் ஓட்டம் 17.1 வினாடி. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து 15.8 வரை வந்திருக்கிறது. 38-ஆம் ஓட்டத்திலிருந்து நேரம் கூடுகிறது. பக்கத்தில் "பிடி விடுது" என்று எழுதியிருந்தான். 41-க்கு அடியில் ஒரு கோடு, "கிளட்ச் செட் மாத்தியாச்சு", விலை, மெக்கானிக்கின் கையெழுத்து. 52-க்கு எதிரே "இடது ஆக்சில்". 60-க்கு எதிரே "முன் பிரேக் பேட்".

நான் இருபது வருஷமாக மற்றவர்கள் எழுதிய கணக்கைப் படிக்கிறேன். பொய்க்கணக்கு ஒரே உட்காரலில் எழுதப்பட்டிருக்கும். ஒரே பேனா, ஒரே அழுத்தம், எண்களெல்லாம் லட்சணமாக இருக்கும். இந்த நோட்டில் நாலு நிற மை, ஒரு பக்கத்தில் டீ டம்ளர் வைத்த வட்டம், தோற்ற நாட்களில் கிறுக்கல். ஒரு ஓட்டத்துக்கு எதிரே நேரமே இல்லை, ஒரு கெட்ட வார்த்தை மட்டும் இருந்தது. தம்பி வெட்கப்பட்டு அதை விரலால் மறைத்தான். எனக்கு அந்த இடத்தில்தான் நம்பிக்கை வந்தது.

கால்குலேட்டரை எடுத்தேன். 68 ஓட்டம், சராசரி 16.2 வினாடி. மொத்தம் 18 நிமிஷம் 21 வினாடி. தூரம் 27 கிலோமீட்டர் சொச்சம். மேட்டுப்பாளையத்தில் கிளம்பியிருந்தால் குன்னூர்கூட வந்து சேர்ந்திருக்காது! அதுவரை ஓடிய 46,000 கிலோமீட்டரில் ரேஸ் என்று ஓடியது அவ்வளவுதான். கிளட்ச் மாற்றிய பிறகு 27 ஓட்டம். எங்கள் மலையில் ஒரு டாக்சி ஒவ்வொரு வளைவிலும் பாதிக் கிளட்ச்சில் தொங்கி, சீசன் நெரிசலில் ஏற்றத்திலேயே பிரேக்குக்குப் பதில் கிளட்ச்சில் நிற்கிறதே, அதை யாரும் நோட்டில் எழுதுவதில்லை. அதை வாங்குகிறவன் எதையும் கேட்பதுமில்லை.

இன்சூரன்ஸில் கிளைம் எதுவும் இல்லை என்பதை நான் ஒரு நல்ல விஷயமாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. தனியார் கார் பாலிசியில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் காப்பீடு செல்லாது என்று தெளிவாக எழுதியிருக்கும். ரேஸில் உடைந்ததற்குக் கிளைம் கேட்கவே முடியாது எனும்போது, கிளைம் இல்லை என்பதற்கு என்ன அர்த்தம்? இன்னொன்று, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றிய வண்டி மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் மாட்டும். தம்பி புரோகிராமைப் பழையபடி மாற்றிவிட்டதாகச் சொன்னான். கணபதி ஏரியாவில் ஒரு பட்டறையில் ஸ்கேனர் செருகிப் பார்த்தோம், சொன்னபடியே பழையபடி ஆக்கியிருந்தான். அங்கேயே நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று அழுந்துகிற அளவு, பார்த்தார்கள். எண் எவ்வளவு என்பதைவிட நாலும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்பதுதான் முக்கியம் என்றார் மெக்கானிக் அண்ணன். நாலும் நெருக்கமாகவே இருந்தன. டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது.

கடைசியாக அப்பா தன் சோதனையைச் செய்தார். சம ரோட்டில் ஹேண்ட்பிரேக்கை முழுசாக இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்துக் கிளட்ச்சை விட வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் உடனே திணறி நின்றுவிடும். தேய்ந்த கிளட்ச் என்றால் இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிச் சட்டென்று நின்றது.

"கிளட்ச்சு ஜம்முனு இருக்குது கண்ணு. எடுத்துக்க."

அவன் கேட்டது 4,60,000. நோட்டை வைத்துக்கொண்டே பேரம் பேசி 4,15,000-க்கு முடித்தேன். பெயர் மாற்றுவதற்கான ஃபாரம் 29, 30 எல்லாம் அன்றைக்கே கையெழுத்தானது. நோட்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் வண்டி வேண்டும் என்றேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். வண்டிச் சாவியைக் கொடுக்க அவ்வளவு நேரம் யோசிக்கவில்லை.

ஏறின கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். கல்லாறு தாண்டி முதல் வளைவில் இரண்டாவது கியர். இன்ஜின் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே இருக்கும்வரை வண்டி சும்மா கிடக்கிறது. அதைத் தாண்டியதும் முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி ஒரு தள்ளு. மாருதியில் நான் முதல் கியரில் கெஞ்சிக்கொண்டு ஏறிய வளைவையெல்லாம் இது மூன்றாவதில் கேட்டது. அப்பா பர்லியார் வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு, "இழுக்குது" என்றார். முப்பது வருஷம் ஏற்றத்தில் லாரி ஓட்டியவர் வாயிலிருந்து வருகிற பாராட்டு அதற்கு மேல் கிடையாது.

ஊரில் அந்த வண்டியை முழுசாக ஓட்ட இடமே இல்லை என்பது அடுத்த வாரம்தான் உறைத்தது. குன்னூரிலிருந்து ஊட்டி வரை தேடிப் பார்த்தேன், பயமில்லாமல் அழுத்திப் பிடிக்க 402 மீட்டர் நேர் ரோடு எனக்குத் தெரிந்து கிடையாது. பொது ரோட்டில் ரேஸ் ஓட்டுவது குற்றம் என்பது வேறு விஷயம். அதற்கு முன்னால் இங்கே காட்டெருமை குறுக்கே வந்துவிடும்.

மூன்றாவது வாரம் காரமடையில் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு. முன்னால் அப்பா, பின்னால் மடியில் வளையல் தட்டோடு அம்மா. அந்த வண்டியில் முதல் முறையாக மலை இறங்குகிறேன். அப்பாவின் பழைய பாடம் ஒன்று உண்டு: "எந்தக் கியர்ல ஏறுனயோ அதே கியர்ல எறங்கு." எனக்குத் தெரியாததா? ஆனால் வண்டி வழவழவென்று போகிறது, நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் இருக்கிறது. நான் நாலாவதிலேயே விட்டுவிட்டு வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தேன்.

மரப்பாலம் தாண்டியதும் ஒரு வாடை. முன்னால் போகிற லாரியின் வாடை என்று நினைத்தேன். முன்னால் லாரியே இல்லை. அடுத்த வளைவில் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. பாதி தூரம் போன பிறகுதான் பிடித்தது. அடுத்ததில் முக்கால்.

எனக்கு வார்த்தை வரவில்லை. "அப்பா" என்று மட்டும் சொன்னேன். அவர் என் காலைப் பார்த்தார்.

"பயப்படாத கண்ணு. விட்டு விட்டு மிதி. மூணாவது போடு. ம். இப்ப ரெண்டு. ஓரமா வா."

பின்னால் அம்மா, "என்ன ரெண்டு பேரும் லாரி ஓட்டற மாதிரி பேசிக்கறீங்க?" என்றார். இன்ஜின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்து நிறுத்த, இரண்டாவது கியரிலேயே பர்லியார் வந்து பழக்கடைகளுக்குப் பக்கத்தில் ஒதுங்கினேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். வண்டி மெல்ல முன்னால் நகர்ந்தது. இன்னும் இழுத்தேன், கைப்பிடி வானத்தைப் பார்த்து நின்றது. வண்டி நகர்ந்துகொண்டுதான் இருந்தது. அப்பா கதவைத் திறந்து குதித்து, ரோட்டோரக் கல் ஒன்றைத் தூக்கி முன் சக்கரத்தடியில் போட்டார். எழுபத்தொரு வயது அவருக்கு. நான் ரிவர்ஸ் கியரில் போட்டு அணைத்தேன். அம்மா இறங்கி ஒன்றும் நடக்காத மாதிரி மங்குஸ்தான் விலை கேட்கப் போனார்.

முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். பெடல் திரும்ப வந்தது. மீதி மலையை இரண்டாவது கியரில் மாட்டு வண்டி மாதிரி இறங்கினோம்.

மேட்டுப்பாளையத்தில் மெக்கானிக் பிரேக் ஆயிலைத் திறந்து காட்டினார். காபி டிகாக்‌ஷன் நிறம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகையைப் புதிதாக ஊற்றினால் 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி வரை இறங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி வரும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நாம் மிதிக்கிற மிதியெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். பின் பேட்டுகள் காகிதம் மாதிரி தேய்ந்திருந்தன, ஹேண்ட்பிரேக் கேபிள் இழுபட்டு நீண்டிருந்தது. எல்லாம் மாற்ற 11,300 ரூபாய்.

முன் பேட் தேய்ந்தால் புரிகிறது. பின் பேட் ஏன் இப்படித் தேய்ந்தது? நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பதிலில்லை. தம்பிக்குப் போன் செய்தேன்.

"அது ஸ்டார்ட்டிங்குக்கு முன்னாடி டயர் சூடு பண்றதுங்க்கா. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் புடிச்சிட்டு முன் வீலை மட்டும் சுத்த விடுவோம். டயர் சூடானாத்தானே ரோட்டப் புடிக்கும்."

"எத்தனை தடவை?"

"ஒவ்வொரு ரன்னுக்கும் முன்னாடிங்க. சில நாள் ரெண்டு தடவை."

"நோட்ல இல்லியே தம்பி."

"அது ரன் இல்லீங்களேக்கா."

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன். அவன் பொய் சொல்லவில்லை. பச்சை விளக்குக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவே நடந்ததை வினாடி சுத்தமாக எழுதியிருக்கிறான். விளக்குக்கு முன்னால் நடந்ததும், கோட்டைத் தாண்டி நூற்று முப்பது, நூற்று நாற்பது வேகத்திலிருந்து மிதித்து நிறுத்தியதும் அவன் கணக்கில் வரவேயில்லை. 68 தடவை அப்படி நிறுத்தியிருக்கிறான். 18 நிமிஷம் 21 வினாடி என்று கால்குலேட்டரில் தட்டிப் பெருமைப்பட்ட நானும் அதைக் கேட்கவில்லை. ஃபேக்டரியில் நாலரை கிலோவுக்கு ஒரு கிலோ வரவில்லை என்றால் விடிய விடியக் கேட்பவள் நான். கிளட்ச், டர்போ, பிஸ்டன் என்று ரேஸ்காரன் கவலைப்படுகிற சாமானையெல்லாம் சோதித்தேனே தவிர, மலையில் இருக்கிறவள் எதை முதலில் சோதிக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டேன். இப்போது யாராவது சமவெளி வண்டி வாங்கப் போகிறேன் என்றால், ரேஸ் ஓடியதோ இல்லையோ, பிரேக் ஆயிலை மாற்றிவிட்டு மலை ஏற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன். இறங்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

வாங்கி இரண்டு வருஷமாகிறது. இன்ஜினிலும் கிளட்ச்சிலும் இதுவரை ஒரு குறையும் இல்லை. இரண்டாவது கியர் மட்டும் பனிக்காலக் காலையில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், நானும் அப்படித்தான்.

அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. வளைகாப்பு முடிந்து திரும்பி வந்த ராத்திரி, சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று சொன்னார்:

"அன்னிக்குக் கிளட்ச்சு டெஸ்ட்டு பண்ணமில்ல கண்ணு. நிக்கறதுக்கு முன்னாடி வண்டி ஒரு சாண் முன்னால போச்சு. ஹேண்ட்பிரேக்கு புடிச்சிருந்தா அது போயிருக்கக் கூடாது. நான் பாத்தேன். கிளட்ச்சு நல்லாருக்குதுங்கற சந்தோஷத்துல அதை உட்டுட்டேன்."

மறுநாள் தோட்டத்து ஓரத்தில் விழுந்து கிடந்த சில்வர் ஓக் கிளையை அறுத்து, சக்கரத்துக்கு அண்டக் கொடுக்க முக்கோணமாக ஒரு கட்டை செதுக்கினார். டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் அது கிடக்கிறது. ஹேண்ட்பிரேக் இப்போது கல் மாதிரி நிற்கிறது, கட்டை எதற்கு என்று இரண்டு தடவை எடுத்து விறகோடு போட்டேன். அடுத்த முறை டிக்கியைத் திறந்தால் அது பழைய இடத்தில் இருக்கிறது.